உரியியல் வெறும் சொற்பட்டியலா?

சொல்லுக்குப் பொருள் எழுதிக் கொடுத்துவிட்டால் சொல்லைக் கற்பித்தாயிற்று என்னும் எண்ணம் நம் வகுப்பறைகளில் வேரூன்றியுள்ளது. அருஞ்சொற்பொருளைக் கரும்பலகையில் எழுதி மனப்பாடம் செய்விக்கிறோம்; தேர்வில் ஒப்பித்தால் மகிழ்கிறோம். இது தொல்காப்பியர் காட்டிய நெறியன்று.

சொல்லதிகாரத்தின் எட்டாம் இயலாகிய உரியியலை ஒரு பழைய அகராதியாகவே பலர் கருதுவர். ஏறத்தாழ 120 உரிச்சொற்களுக்கு அது பொருள் கூறுவது உண்மையே. ஆயின் அதன் தொடக்கத்தையும் இறுதியையும் சேர்த்து நோக்குவார்க்கு வேறொன்று புலனாகும். விளங்கிய சொல்லை விளக்க வேண்டுவதில்லை. பழகாத சொல்லைப் பழகிய சொல்லோடு சார்த்தியே விளக்க வேண்டும். சொன்ன பொருளுக்கும் பொருள் கேட்கப் புகுந்தால் அதற்கு எல்லை இராது. இவை அகராதிக்காரர் கூற்றல்ல; ஆசிரியர்க்கு வகுத்த நெறிகள்.

எல்லையில்லாத அக்கேள்வி எங்கே நிற்கும்? சேனாவரையர் விடை தருகிறார். 'உறுகால்' என்பதில் உறு என்றால் மிகுதி எனச் சொல்லியும் விளங்காதவனுக்குத் தொடரால் விளக்குக. அன்றேல் கடுங்காற்று வீசுமிடத்தில் அதன் மிகுதியைக் காட்டுக என்பது அவர் கருத்து. சொல் ஓய்ந்த இடத்தில் காட்சி துணை நிற்கிறது.

உணரும் வழி உணர்வாரின் ஆற்றலைச் சார்ந்தது என்றும் தொல்காப்பியர் கூறுகிறார். மாணவன் மந்தன் என்று கைவிடுவதற்கு இதனைச் சான்றாக்குவோர் உளர். அது பொருந்தாது. உணர்த்த வல்ல ஆசிரியனைப் பற்றி முதலில் பேசிய பின்னரே நூல் மாணவனிடம் வருகிறது. தன் கடனை முடிக்காத ஆசிரியனுக்கு அவனைக் குறைகூறும் உரிமை இல்லை.

இதனை நம் நாட்டுச் சொல்லொன்றில் வைத்துப் பார்ப்போம். ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைக்கு 'நிரை' அருஞ்சொல்லாக இருந்ததில்லை. தாய் தந்தையர் பால் வெட்டும் மரவரிசை அது, பேச்சில் 'நெரை'. அங்கிருந்து குறில் இணைந்து வரும் நிரையசைக்கு அவனை எளிதில் அழைத்துச் செல்லலாம். ஆயினும் 'ஆநிரை' என்றதும் வரிசையாக நிற்கும் பசுக்கள் என்பான். அங்கே அது மந்தை என இடம்நோக்கித் தேரும் அறிவு வேண்டும். கண்டதும் பழகியதும் மட்டும் போதா, தேர்தலும் வேண்டும்.

இன்று தோட்டங்கள் பல வீட்டுமனைகளாகிவிட்டன. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் அடுக்குமாடியில் வளரும் பிள்ளை பால்மரத்தைக் கண்டதில்லை. அவனுக்கு 'நிரை – வரிசை' என்று எழுதித் தருவது ஓர் ஒலிக்கு மற்றோர் ஒலியைத் தருவதேயாம். கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு வரும் ரயிலின் பெட்டிகள் நிரையாகத் தொடர்வதைக் காட்டுங்கள். அச்சொல்லை அவனே பத்து வாக்கியங்களில் ஆளட்டும். எது பொருந்தும், எது பொருந்தாது என்று அவனே தீர்ப்புச் சொல்லட்டும். பிறகு ஆநிரைக்குச் செல்வோம்.

தோட்டம் மறைந்தது நம் கையில் இல்லை. அதனோடு சொல்லும் மறையாமல் காப்பது நம் கையில் உள்ளது. தமிழாசிரியர்கள் உரியியலை மீண்டும் ஒருமுறை, பட்டியலை விடுத்து, முதலும் முடிவுமாகப் படித்துப் பார்ப்பாராக.