மலரில் இல்லாத பக்கம்

பள்ளிக்கூட நூற்றாண்டு விழா மலர் எதையாவது புரட்டியிருக்கிறீர்களா? திருநெல்வேலிப் பக்கத்து ஆள் என்றால் வீட்டில் ஒன்றாவது கிடக்கும். பாளையங்கோட்டைக்குத் 'தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு' என்று பட்டமே உண்டு. ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாரதி படித்த இந்துக் கல்லூரிப் பள்ளி. பெருமைக்குப் பஞ்சமே இல்லை.

ஆனால், மலர்கள் எல்லாம் ஒரே அச்சு. கலெக்டர் வாழ்த்து, தாளாளர் படம், தலைமையாசிரியர் பட்டியல், படித்துப் பெரிய ஆளானவர்கள், கடைசியில் நகைக்கடை விளம்பரம். யாரைச் சேர்த்தார்கள், யாரைச் சேர்க்கவில்லை, மத்தியானம் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்? மூச்! அதை விட்டுவிட்டு எழுதினால் அது வரலாறு இல்லைங்க, வாழ்த்து மடல்.

மலர் போடும் வயதுவரை உயிரோடு இல்லாத ஒரு பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொள்வோம். சேரன்மாதேவி குருகுலம். வ.வே.சு.ஐயர் 1922-ல் கல்லிடைக்குறிச்சியில் ஆரம்பித்து, பிறகு சேரன்மாதேவிக்குக் கொண்டுவந்தது. ஐயர் சாதாரண ஆளா? லண்டனில் புரட்சிக்காரர், புதுச்சேரியில் பாரதிக்குத் தோழர், திருக்குறளை ஆங்கிலத்தில் தந்தவர். வெள்ளைக்காரன் படிப்புக்கு மாற்றாகத் தமிழில் பாடம், கைத்தொழில், உடற்பயிற்சி என்று பிரமாதமான திட்டம். காங்கிரஸ் கமிட்டி பத்தாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லி, முதலில் ஐயாயிரம் கொடுத்தது.

எல்லாம் சரி, சாப்பாட்டில் இடித்தது. இரண்டு பிராமணப் பையன்களுக்கு மட்டும் தனிப் பந்தி. பின்னாளில் சென்னை மாகாண முதல்வரான ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் அங்கே படித்தான். அவன் வீட்டில் போய்ச் சொன்ன பிறகுதான் விஷயம் வெடித்தது என்பார்கள். பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் கொதித்தார்கள். பஞ்சாயத்து காந்தி வரைக்கும் போச்சு.

இந்தக் கதையை நம் ஊரில் இரண்டு விதமாகத்தான் சொல்கிறார்கள். ஒரு கட்சிக்கு ஐயர் வில்லன். இன்னொரு கட்சிக்கு, நல்ல மனுஷனை அரசியல்வாதிகள் சாகடித்துவிட்டார்கள். இரண்டுமே சோம்பேறித்தனம். ஐயர் சாதி பார்த்துச் சாப்பிடுகிறவர் இல்லை. பெற்றோருக்குக் கொடுத்த வாக்கை மீற மாட்டேன் என்பதுதான் அவர் கட்சி. அதனால் அவரை வில்லனாக்குவது தப்பு. ஆனால், அதோடு அவரை விட்டுவிடவும் முடியாது.

நான் காமர்ஸ் படித்தவன், புத்தி கணக்குக்குத்தான் போகும். பணம் யாருடையது? பொதுப் பணம். பொதுப் பணத்தில் நடக்கிற பள்ளியில், இரண்டு வீட்டாருக்குக் கொடுத்த வாக்கு பெரிசா, பொதுப் பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை பிள்ளைகளின் மானம் பெரிசா? பெரியார் கேட்டதும் இந்தக் கேள்வியைத்தான். என் ஓட்டும் அவருக்கே.

1925-ல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அதே வருஷம் ஜூன் 3-ம் தேதி, பாபநாசம் அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் அவரும் இறந்துபோனார். நவம்பரில், வகுப்புவாரி உரிமைத் தீர்மானத்துக்காகக் காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து பெரியார் வெளியேறினார். குருகுலம் கொஞ்ச காலம்தான் நடந்தது. நூறு வருஷப் பள்ளிகள் சொல்லித்தராத ஒரு பாடத்தை அது தமிழ்நாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போனது.

'அதெல்லாம் பழங்கதை சார்' என்கிறீர்களா? 2023 ஆகஸ்ட்டில், இதே மாவட்டத்து நாங்குநேரியில், ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். வெட்டியவர்கள் வெளியாட்கள் இல்லை, அவனோடு அதே பள்ளியில் படித்த பையன்கள். அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் சாதிக் கயிறு கட்டக் கூடாது, பள்ளிப் பெயரில் சாதி இருக்கக் கூடாது என்றெல்லாம் பரிந்துரை. பந்தி போய்க் கயிறு வந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்கள் பழைய பள்ளி அடுத்து ஒரு மலர் போடும், உங்களிடமும் கட்டுரை கேட்பார்கள். டாக்டரானவர்கள், கலெக்டரானவர்கள் பட்டியலை வேறு யாராவது எழுதிக்கொள்ளட்டும். உங்கள் வகுப்பில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்ட பையன் யார், ஏன் என்று நீங்கள் எழுதுங்கள். போட மாட்டேன் என்றால், விளம்பரப் பக்கத்தில் ஒன்றைக் குறைக்கச் சொல்லுங்கள்.