பத்தாயிரம் பவுனும் ஒரு குலுக்கலும்

பிரிட்டனில் சட்டம் கற்பிப்பவர்களில் பலருக்குத் தீர்ப்புகளைப் படித்து விளக்குவது கைவந்த கலை. மாணவர்களையும் வழக்குரைஞர்களையும் நேரில் கேட்டுத் தரவு திரட்டுவது அவ்வளவு பழக்கமில்லை. நஃபீல்டு அறக்கட்டளையின் ஆதரவில் சட்ட அறிஞர் ஹேசல் ஜென் உள்ளிட்ட மூவர் 2006-இல் அளித்த அறிக்கையும், கள ஆய்வு தெரிந்த சட்ட ஆய்வாளர்கள் போதவில்லை என்றே சொன்னது. சட்டக் கல்வியை ஆராய்வதோ முழுக்க முழுக்க மனிதர்களிடம் பேசித் தெரிந்துகொள்ளும் வேலை. சிறு ஆய்வு நல்கைகள் அங்கே தேவைப்படுவது இதனால்தான்.

பிரிட்டிஷ் அகாடமியும் லெவர்ஹியூம் அறக்கட்டளையும் சேர்ந்து வழங்கும் அத்தகைய சிறு நல்கைக்கு உச்சவரம்பு 10,000 பவுன். சொலிசிட்டர்களுக்கு 2021-இல் வந்த புதிய தகுதித் தேர்வு வகுப்பறையை எப்படி மாற்றியது என்று ஒரு விரிவுரையாளர் அறிய விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். இருபது பேரிடம் முக்கால் மணி நேரம் பேசினாலே 15 மணி நேர ஒலிப்பதிவு சேர்ந்துவிடும். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க நாலு மணி நேரம் பிடித்தால், மொத்தம் 60 மணி நேர உழைப்பு. மென்பொருள் எழுதிக் கொடுத்தாலும் சரிபார்க்க ஆள் வேண்டும். அந்தக் கூலியும் ரயில் கட்டணமும் கிடைக்காமல் எத்தனையோ நல்ல கேள்விகள் கேள்விகளாகவே நின்றுபோகின்றன. யாரைக் கேட்பது, எத்தனை பேரைக் கேட்பது என்று விண்ணப்பத்தில் எழுதியாக வேண்டும் என்பதால் ஆய்வுக்கும் ஓர் ஒழுங்கு வருகிறது. முதன்முதலாகக் களத்தில் இறங்குபவருக்கு அதுவே நல்ல பயிற்சி.

ஆனால் இந்த நல்கை செலவைத் தருகிறது, நேரத்தைத் தருவதில்லை. விண்ணப்பதாரரின் சம்பளத்துக்கோ, அவருக்குப் பதிலாகப் பாடம் எடுப்பவரின் ஊதியத்துக்கோ அதில் இடமில்லை. பாடச்சுமை குறைந்தவர் விடுமுறையில் எழுதி முடித்துவிடுவார். வாரம் முழுக்க வகுப்பெடுக்கும் ஒப்பந்த ஆசிரியர், மாணவரின் திணறலை மிக அருகிலிருந்து பார்ப்பவர், விண்ணப்பத்தைத் தொடங்கவே மாட்டார். இதை நான் பெரிய அநீதியாகவே கருதுகிறேன்.

இன்னொரு குறை, பணத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப ஆய்வும் சுருங்கிவிடுவது. பலர் தம் வகுப்பையே ஆராய்கிறார்கள். மதிப்பெண் போடுகிறவரே பேட்டி எடுத்தால் மாணவர் மனம்திறந்து பேசுவாரா?

2022-இல் அகாடமி ஒரு துணிச்சலான சோதனையில் இறங்கியது: தர வரம்பைத் தாண்டிய விண்ணப்பங்களுக்குள் குலுக்கல். வேறுபாடே தெரியாத இரண்டு நல்ல விண்ணப்பங்களில் ஒன்றைத் தேர்வதை நடுவரின் ரசனைக்கு விடுவதைவிட இது நேர்மையானது. ஆனால் தேர்வாகாதவர் படிவத்துக்குச் செலவழித்த மாலைகளை எந்தக் குலுக்கலும் ஈடுசெய்யாது. அதைக் குறைக்க, முதல் சுற்றுக்கு இரண்டு பக்கம் போதும் என்று வைக்கலாம். தேர்வானவரிடம் மட்டும் விரிவான திட்டம் கேட்கலாம். தொகையில் ஒரு பங்கைப் பாடச்சுமையைக் குறைக்கப் பயன்படுத்தவும் அனுமதிக்கலாம். ஆய்வில் கேட்ட கேள்விகளைப் பொதுவில் வைக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டால், இன்னொரு ஊரின் ஆசிரியர் அதே கேள்விகளைத் தம் மாணவர்களிடமும் கேட்டுப் பார்க்க முடியும்.