முதல் நான்கு நிமிடம்

ஸ்டார்கிராஃப்ட்: புரூட் வார் கணினி ஆட்டத்தில், டெப்போ கட்டி முடித்த எஸ்சிவி என்ற தொழிலாளியைத் திரும்ப மினரலுக்கே ஓட்டிவிடுகிறவர்களோடு எனக்குப் பேச்சு வளராது. ஆள் எண்ணிக்கை 9-ல் டெப்போ, 11-ல் பேரக்ஸ் என்பதெல்லாம் எல்லோருக்கும் மனப்பாடம். அந்த ஒற்றை எஸ்சிவி இருட்டு மேப்பில் எந்த மூலையை நோக்கிக் கிளம்புகிறது, எதிராளி கண்ணில் பட்ட பிறகு எவ்வளவு நேரம் உயிரோடு சுற்றுகிறது, எதைப் பார்த்துவிட்டுச் சாகிறது என்பதில்தான் ஆடுகிறவனின் தரம் தெரியும். வர்ணத்துக்கு வராமல் ராகம் தானம் பல்லவிக்கு மட்டும் வந்து உட்காருகிறவர்களைப் போல, பேட்டில்குரூஸர் போர்க்கப்பல் கூட்டம் கிளம்பிய பிறகே புரூட் வார் பார்க்க வருகிறவர்கள் உண்டு. நல்லவர்கள்தான். ஆட்டம் எந்த இடத்தில் தீர்ந்தது என்று மட்டும் அவர்களுக்குத் தெரியாது.

என் கட்சிக்குத் தலைவர் பாக்ஸர் என்கிற லிம் யோ-ஹ்வான். 2001-ல் கொரியாவின் ஸ்டார்லீக் போட்டியில் அவர் வாங்கிய இரண்டு பட்டங்களைப் பற்றி மற்றவர்கள் பேசட்டும். எனக்கு 2004 நவம்பர் 12 போதும். எவர் ஸ்டார்லீக் அரையிறுதி. எதிரே ஜெர்க் இனத்தை ஆடும் யெல்லோ என்கிற ஹோங் ஜின்-ஹோ. முதல் ஆட்டம் பங்கர் ரஷ், அதாவது தொடக்கத்திலேயே எதிராளி வாசலில் பங்கர் எழுப்பித் தாக்குவது. இரண்டாவதும் அதுவே. மூன்றாவதும் அதுவே. 3–0. பெரிய யுத்தத்துக்குக் காத்திருந்த ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். ‘இதுவும் ஒரு ஆட்டமா?’ என்று இன்றைக்கும் கேட்கிறவர்கள் உண்டு.

இதுதான் ஆட்டம் என்பேன். எல்லோரும் பங்கரைப் பார்க்கிறார்கள்; எஸ்சிவிகளைப் பாருங்கள். எஸ்சிவிக்கு உயிர் 60, ஜெர்க்கின் தொழிலாளியான டிரோனுக்கு 40. அந்த 20 புள்ளி வித்தியாசத்தை வைத்துக்கொண்டு பாக்ஸர் நடமாடும் சுவர் ஒன்றை எழுப்புகிறார். மரைன் பின்னால் நின்று சுட, எஸ்சிவிகள் முன்னால் நின்று அடி வாங்குகின்றன. டிரோன் மரைனை நெருங்கினால் மரைன் பின்வாங்குகிறான், எஸ்சிவி குறுக்கே வருகிறது. பங்கர் நிஜமாகவே எழும்புகிறதா, பாசாங்கா என்பதும் எதிராளிக்குத் தெரியாது. பாதியில் ரத்து செய்தால் மினரலில் முக்கால் பங்கு கைக்குத் திரும்பிவிடும். ஆனால் சண்டைக்கு இழுத்து வரப்பட்ட டிரோன்கள் சம்பாதிக்காமல் கழித்த நேரம் திரும்பாது. பங்கர் எழும்பாமல் போனாலும் ஜெர்க்கின் கணக்கு இடித்துவிடும். இதற்கெல்லாம் மேலே, இரண்டு முறை செய்தவன் மூன்றாம் முறையும் அதையே செய்வான் என்று யார் எதிர்பார்ப்பார்? ஸ்கவுட்டிங்கின் உச்சம் அது. மேப்பை மட்டுமல்ல, ஆளையே வேவு பார்த்திருக்கிறார்.

இறுதிப் போட்டியில் என்ன ஆயிற்று என்று படை பெருக்கும் மேக்ரோ ஆட்டத்தின் ரசிகர்கள் சிரிப்பது கேட்கிறது. ஆமாம், சொந்தச் சீடர் சோய் யோன்-சங்கிடம் 2–3 என்று தோற்றார். அந்தச் சீடர் படையைக் குவித்தே ஜெயிக்கிறவர். ஆனால் பாக்ஸரோடு ஒரே அணியில் இருந்து பழகியவருக்கு, எந்த நேரத்தில் பேராசைப்படலாம், எந்த நேரத்தில் கூடாது என்று சொல்லித் தந்தது யார்? பாதுகாப்பாகப் பணக்காரன் ஆவதும் தொடக்க ஆட்டத்தின் வித்தைதான். ஸ்டெல்லாரிஸ் என்ற விண்வெளி ஆட்டத்தை ஆடுகிற நண்பர்களுக்கும் இதையே சொல்வேன். உங்கள் முதல் சயின்ஸ் ஷிப் எந்த ஹைப்பர்லேனில் போகிறது என்பதில் பாதி விதி எழுதியாயிற்று.

திருச்சியில் இந்தத் தொடக்க ஆட்ட ரசனை வேர் பிடிக்காமல் போனதற்கு ‘நோ ரஷ் 20’ என்ற வியாதிதான் காரணம். தில்லைநகரிலும் சத்திரம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியும் பிரவுசிங் சென்டர்கள் நிறைந்திருந்த காலம். ஒரே சிடியில் ‘ஸ்பான்’ போட்டு லேனில் எட்டுப் பேர் வரை ஆடலாம். மேப் எப்போதும் பிக் கேம் ஹண்டர்ஸ். 20 நிமிஷம் யாரும் யாரையும் தொடக் கூடாது என்று ஒப்பந்தம். மினரல் தீரவே தீராது. எல்லோரும் கேரியர் கட்டுவார்கள், மோதுகிற நேரத்தில் ஒரு மணி நேரக் காசு தீர்ந்துவிடும். ஒப்பந்தத்தை மீறி ஆறு ஜெர்க்லிங் அனுப்பினால் பக்கத்து நாற்காலியிலிருந்து வசவு வரும். எனக்கு வந்திருக்கிறது.

ஸ்ரீரங்கத்துக்காரர்களாவது இந்த ஒப்பந்தத்தை நம்பியிருக்கக் கூடாது. 1752-ல் திருச்சிக் கோட்டையை முற்றுகையிட்டிருந்த பிரெஞ்சுத் தளபதி ஜாக் லா, கூட்டாளி சந்தா சாகிபோடு காவிரியைத் தாண்டித் தீவுக்குள் ஒதுங்கினார். ஸ்ரீரங்கம், திருவானைக்காவல் கோயில்களின் மதில்கள் அரண். தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். தீவு மேப்பில் ஆடுகிறவனுக்கு வரும் அதே நிம்மதி. ஆங்கிலேயத் தரப்பின் கிளைவ் கொள்ளிடத்துக்கு வடக்கே சமயபுரத்தில் போய் உட்கார்ந்தார், அவருடைய தளபதி லாரன்ஸ் தெற்கே இருந்தார். தானியமும் உதவிப்படையும் உள்ளே வரவில்லை. ஜூன் மாதம் லா சரணடைந்தார். மதிலை யாரும் இடிக்கவே இல்லை. வெளியே என்ன நடக்கிறது என்று பார்ப்பதையும் தடுப்பதையும் கைவிட்டு உள்ளே ஒதுங்கினால், ஆறும் மதிலும் சிறைதான்.

இப்போது ஆட்டத்தை உருவாக்கிய கம்பெனியே தொடக்கத்தைக் கத்தரித்துவிட்டது. புரூட் வாரில் 4 தொழிலாளிகளோடு தொடங்குவோம். 2010-ல் வந்த ஸ்டார்கிராஃப்ட் 2-ல் அது 6. 2015-ன் லெகசி ஆஃப் தி வாய்டில் 12. விறுவிறுப்புக்காகவாம். நான்கு எஸ்சிவிகளை நான்கு மினரலுக்குப் பிரித்து அனுப்பும் அந்த முதல் விநாடியின் அழகு போயிற்று. எதிராளி இன்னும் முடிவெடுக்காத நேரத்தில் அவன் வாசலில் போய் நிற்கும் சுகமும் போயிற்று. லேனையும் எடுத்துவிட்டார்கள். பக்கத்து நாற்காலிக்காரனோடு ஆடுவதற்கும் இணையம் வழியாகத்தான் சுற்றி வரவேண்டும்.

ஆன்லைன் லேடரில் இறங்கப் போகிற இளைஞர்கள் யோசனை கேட்பதுண்டு. கேம்பெயினில் முப்பது மிஷன் முடித்ததைச் சொல்லுவார்கள். அது கதை கேட்டதற்குச் சமம். கம்ப்யூட்டரை ஏழு பேராக வைத்து ஜெயித்ததைச் சொல்லுவார்கள். கம்ப்யூட்டர் பயப்படுவதில்லை, எதிரே இருக்கப் போகிறவன் பயப்படுவான். செய்ய வேண்டியது சின்ன வேலைதான். மூன்று இனத்துக்கும் ஆளுக்கொரு தொடக்கம், மூன்றே மூன்று, போதும். ஆளில்லாத மேப்பில் நான்கு நிமிடம் மட்டும் ஆடிப் பாருங்கள். மினரல் 100-ஐத் தாண்டித் தேங்குகிற வரை ஐந்தாம் நிமிடத்துக்குப் போகாதீர்கள். தோற்ற ஆட்டத்தின் ரீப்ளேயைக் கடைசியிலிருந்து பார்க்காதீர்கள். உங்கள் ஸ்கவுட் செத்த இடத்தில் நிறுத்துங்கள், அது பார்த்தும் நீங்கள் பார்க்காமல் விட்ட கட்டடம் எது என்று தேடுங்கள்.

பங்கர் ரஷ்ஷில் தோற்றால் மலிவான தந்திரம் என்ற பொருளில் ‘சீஸ்’ என்று டைப் அடித்துவிட்டு வெளியேறாதீர்கள். அதைத் தடுக்கக் கற்ற பிறகு கேரியர் கட்டுங்கள். அந்த கேரியருக்கு நானும் கை தட்டுவேன்.