குற்றம் பத்தும் நூலுக்கு

தசரா விடுமுறையில் என் மாணவி ஒருத்தி குலசேகரன்பட்டினத்துக்கு வந்திருந்தாள். காளி வேடக்காரர்களும் தசரா குழுக்களும் தெருவை நிறைத்திருந்த மாலை. எங்கள் வீட்டுத் திண்ணையில் மடிக்கணினியைத் திறந்துவைத்து, ‘ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்’ என்ற வீடியோ கேமை எனக்கு ஆடிக் காட்டினாள். அசுரர்கள் கடத்திப்போன தம்பியைத் தேடி, துர்க்கை அருளிய திரிசூலத்தோடு புறப்படும் ஒரு சர்க்கஸ்காரப் பெண்ணின் கதை அது. புனேயிலுள்ள நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் 2020-இல் வெளியிட்டது. அதை நிறுவியவர்களில் ஸ்ருதி கோஷ் என்ற பெண் கலைஞரும் ஒருவர்.

அவளுக்கு ஆட்டம் பிடித்திருந்தது. குறையும் இருந்தது. “சண்ட போடும்போது கையும் காலும் நாம நெனைக்கிற வேகத்துக்கு வரமாட்டேங்கு மேம். கதையும் பொசுக்குன்னு முடிஞ்சிருது.”

“இதை அவர்களுக்கு எழுதேன்” என்றேன்.

“எழுதுவேன். ஆம்பளப் பேர்லதான்” என்றாள். ஆன்லைனில் ஆடும்போதும் அவளுக்கு ஆண்பெயர்தான். பெண் என்று தெரிந்துவிட்டால் பேச்சு ஆட்டத்தை விட்டு அவள் உடம்புக்குப் போய்விடுமாம். இதைச் சொல்லும்போது அவள் குரலில் புகார்கூட இல்லை. மழை வந்தால் குடை எடுப்போம் என்பதுபோலச் சொன்னாள்.

அவள் சொன்ன இரண்டு குறைகளையும் வெளிவந்த காலத்திலேயே பல விமர்சகர்கள் எழுதியிருந்தார்கள். அந்நிறுவனம் சண்டைப் பகுதிகளைத் திருத்தி, இந்திக் குரலும் சேர்த்து, 2022-இல் மேம்பட்ட பதிப்பொன்றைக் கொண்டுவந்தது. குறை சொன்னவர்கள் எல்லாரும் இனிக்கப் பேசியவர்கள் அல்லர். ஆனால் அவர்கள் சொன்னதில் திருத்துவதற்கு ஏதோ இருந்தது.

ஆக்கபூர்வமான விமர்சனம் என்றதும் மென்மையான விமர்சனம் என்று நம் மாணவிகள் எழுதிவிடுகிறார்கள். நான் அதை அடித்துத் திருத்துவேன். பவணந்தியார் நன்னூலில் நூலுக்குரிய குற்றங்கள் பத்து என்று பட்டியலிடுகிறார். குன்றக் கூறல், கூறியது கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல் என்று நீளும் அந்தப் பட்டியலில் மென்மை எங்கே இருக்கிறது? ‘சென்று தேய்ந்து இறுதல்’ என்று ஒரு படைப்பைச் சொல்லிவிட்டால் படைத்தவருக்கு இரவு தூக்கம் வராது. ஆனால் பத்துக் குற்றமும் நூலின் மேல் சுமத்தப்படுபவை. எழுதியவரின் உடம்பையோ ஒழுக்கத்தையோ சுட்டும் குற்றம் ஒன்றுகூட அதில் இல்லை. கடுமை ஒரு குரலின் அளவு மட்டுமே. அந்தக் குரல் எதை நோக்கிப் போகிறது, எது நடக்க வேண்டும் என்று விரும்புகிறது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

நேர்மையான விமர்சனம் தவறாகவும் இருக்கலாம். டொராண்டோவிலிருந்து இயங்கும் விசை கேம்ஸ் 2023-இல் ‘வெண்பா’வை வெளியிட்டது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்த்தாய் ஒருத்தி, தன் அம்மாவின் சிதைந்த சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இட்லியும் புட்டும் செய்யும் ஆட்டம். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறதே என்று குறைபட்டவர்கள் உண்டு. ஈரடியில் குறள் வெண்பா எழுதிய மொழிக்காரியான எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. ஆனாலும் அது விமர்சனம்தான். கொடுத்த காசுக்கு எவ்வளவு நேரம் என்று கேட்பவருக்கு அந்த உரிமை உண்டு. படைத்தவருக்கு ‘இவ்வளவுதான்’ என்று சொல்லும் உரிமையும் உண்டு. இருவரும் அவரவர் இடத்திலேயே நிற்க முடிகிறது.

பகை அப்படி நிற்க விடாது. 2012-இல் கனடாவின் பயோவேர் நிறுவனத்தைச் சுற்றி நடந்த இரண்டு நிகழ்ச்சிகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். அந்நிறுவனத்தின் ‘மாஸ் எஃபெக்ட் 3’ ஆட்டத்தின் முடிவு பலருக்குப் பிடிக்கவில்லை. எதைத் தேர்ந்தாலும் நிறம்தான் மாறுகிறது, முடிவு ஒன்றுதான் என்பது அவர்கள் கோபம். ரசிகர்கள் பணம் சேர்த்து, மூன்று நிறத்தில் ஒரே சுவையுள்ள நானூறு கப் கேக்குகளை நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். குத்தல்தான், ஆனால் எதைக் குத்துகிறது என்பதில் குழப்பமே இல்லை. அவ்வாண்டே நிறுவனம் முடிவை விரித்து எழுதி இலவசமாகத் தந்தது.

அதே ஆண்டு, அதே நிறுவனத்தின் எழுத்தாளர் ஜெனிஃபர் ஹெப்லர், 2006-இல் கொடுத்த ஒரு நேர்காணலைச் சிலர் தோண்டி எடுத்தார்கள். உரையாடலைத் தாண்டிச் செல்ல வழி இருப்பதுபோலச் சண்டையைத் தாண்டிச் செல்லவும் வழி இருக்கலாமே என்று அவர் அதில் சொல்லியிருந்தார். அதுவும் ஒரு யோசனைதான். ஏற்கலாம், மறுக்கலாம். அவருக்கு வந்ததோ உடம்பைப் பற்றிய வசைகள், தொலைபேசி அழைப்புகள். பிள்ளைகளைக் கொல்வோம் என்ற மிரட்டலும் வந்ததாக அவர் பின்னர் சொன்னார். முடிவு சரியில்லை என்றவர்கள் முடிவு மாற வேண்டும் என்றார்கள். இவர்கள் மாறச் சொன்னது எதை? திருத்துவதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில், அந்தப் பெண் அங்கே இல்லாமல் போவது மட்டும்தான் கோரிக்கையாக மிஞ்சுகிறது.

இந்தக் கோரிக்கை நமக்குப் புதிதல்ல. 2002-இல் குட்டி ரேவதியின் ‘முலைகள்’ தொகுப்பு வந்தபோது, தலைப்பை முன்வைத்தே எழுந்த ஆபாச வசைகளையும் மிரட்டல்களையும் நாம் பார்த்தோம். அந்தத் தொகுப்பின் கவிதைகளில் எது குன்றக் கூறல், எது மிகைபடக் கூறல் என்று அந்தக் கூச்சலில் யாராவது பேசினார்களா? ஒரு கவிதைத் தொகுப்புக்கு உரிய கடுமையான வாசிப்பைக்கூட அந்தக் கூச்சல் தின்றுவிட்டது. பகையால் நேரும் இந்த இரண்டாவது இழப்பைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. வசை மழையில் நிற்கும் பெண்ணிடம் அவள் படைப்பின் உண்மையான குறையைச் சொல்லத் தோழிகளுக்கே தயக்கம் வருகிறது. அவளுக்கும் எந்தக் குரலை நம்பிக் காது கொடுப்பது என்று தெரியாமல் போகிறது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. சில நிறுவனங்கள், காசு வாங்கிக்கொண்டு அரைகுறையாக விற்றதைக் கேட்டாலும் ‘வெறுப்பு’ என்று கதவைச் சாத்துகின்றன. மிரட்டலையும் புகாரையும் ஒரே பெயரால் அழைப்பது அவர்களுக்கு வசதி. நாம் அதற்கும் துணைபோகக் கூடாது. கோபமாகப் பேசுகிற பெண்ணை ‘எதிர்மறையானவள்’ என்று ஒதுக்கும் உலகத்தில், கோபத்தையே குற்றமாக்கினால் முதலில் வாய் மூடப்படுவது நாம்தான்.

எல்லாவற்றுக்கும் முகமூடிதான் காரணம் என்கிறார்கள். முகமூடியை எனக்கு ஊரில் தெரியும். இங்கே வேடம் கட்டுகிறவர் விரதம் இருக்கிறார், காப்புக் கட்டுகிறார், வீடு வீடாகக் கைநீட்டி வாங்கிய காணிக்கையை அம்மனிடம் சேர்க்கிறார். காளியாக நிற்கும் அண்ணன் எந்த வீட்டுக்காரர் என்று தெருவுக்கே தெரியும். வேடம் அவர்மேல் பொறுப்பை ஏற்றுகிறது. பெயரில்லாத கணக்கிலிருந்து மிரட்டுகிறவருக்கு வேடம் பொறுப்பைக் கழற்றிக் கொடுக்கிறது. என் மாணவியின் ஆண்பெயரும் வேடம்தான். ஆனால் அவள் அதை யாரையும் அடிக்கக் கட்டவில்லை, அடி வாங்காமலிருக்கக் கட்டியிருக்கிறாள். ‘எல்லாரும் சொந்தப் பெயரில் எழுதட்டும்’ என்று எளிதாகத் தீர்ப்பு சொல்கிறவர்கள் அவளை நினைத்துப்பார்க்க வேண்டும்.

விடுமுறை முடிந்து வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்தேன். பிடித்த ஒரு கதையையோ படத்தையோ ஆட்டத்தையோ எடுத்து, நன்னூலின் பத்துக் குற்றங்களில் ஏதாவது ஒன்றை அதன்மேல் சாட்டி, எந்த இடத்தில் என்று காட்டி, ஒரு பக்கம் எழுத வேண்டும். அவள் ‘ராஜி’யை எழுதினாள். ‘சென்று தேய்ந்து இறுதல்’ இல்லை மேம், இது தேயக்கூட இல்லாமல் அறுந்துபோகிறது என்று பவணந்தியாரையே திருத்தியிருந்தாள். நல்ல கட்டுரை. அந்த நிறுவனத்துக்கே அனுப்பலாம் என்றேன்.

“எந்தப் பேர்ல மேம்?” என்று கேட்டாள். உன் பெயரில் என்று சொல்ல வாயெடுத்தேன். வரப்போவதை நானா தாங்கப்போகிறேன்? முடிவை அவளிடமே விட்டேன்.