கரையில் நிற்கும் கேமரா

ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது அய்யனார் கோவில். ஆற்றைக் கடந்துதான் சாமி கும்பிடப் போக வேண்டும். வெயில் காலத்தில் கணுக்கால் நனைய நடந்துவிடலாம். மலைமேல் மழை பிடித்துக்கொண்டால் கதை வேறு. அடிவாரத்தில் தூறல்கூட விழாதபோதே தண்ணீர் கலங்கலாக இறங்கி வந்துவிடும். அக்கரைக்குப் போனவர்கள் அங்கேயே நிற்க வேண்டியதுதான். தீயணைப்பு வீரர்கள் வந்து, இரு கரைக்கும் கயிறு கட்டி, ஒவ்வொருவராகக் கைப்பிடித்துக் கூட்டி வருவார்கள். மறுநாள் நாம் பார்க்கும் படம் பல நேரம் நிருபர் எடுத்ததாக இருக்காது. கரையில் நின்ற யாரோ ஒருவருடைய கைபேசியில் பதிவானதாக இருக்கும்.

இந்த 'யாரோ ஒருவர்' பற்றி ஊரில் இரண்டு பேச்சு உண்டு. "தூக்கிவிடாம படம் புடிச்சிக்கிட்டு நிக்கிறான் பாரு" என்பது ஒன்று. "அவன் எடுக்கலேன்னா வெளியே தெரிஞ்சிருக்குமா?" என்பது மற்றொன்று. இரண்டையும் எடை போட வேண்டியிருக்கிறது.

முதல் பலம், அவர் அங்கே இருக்கிறார் என்பதே. காட்டாற்று வெள்ளம் நிமிடக் கணக்கில் வருகிறது. நகரத்திலிருந்து நிருபர் கிளம்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். 2021 அக்டோபரில் சேலம் மாவட்டம் ஆத்தூர் அருகே ஆனைவாரி முட்டல் அருவியில் திடீர் வெள்ளம் வந்தது. குழந்தையோடு ஒரு தாய் பாறைச் சரிவில் சிக்கிக்கொண்டார். மேலே நின்றவர்கள் கயிறு கொடுத்து இருவரையும் ஏற்றிவிட்டார்கள். உதவிக்குப் போன இரண்டு பேர் வழுக்கித் தண்ணீரில் விழுந்து, நீந்திக் கரையேறினார்கள். அங்கிருந்தவர்கள் கைபேசியில் எடுத்த காட்சி நாடு முழுக்கப் பரவியது. மீட்டவர்களை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் பாராட்டினார். அந்தக் காட்சி இல்லாவிட்டால் 'தாய், சேய் மீட்பு' என்று நாலு வரிச் செய்தியோடு போயிருக்கும். மீட்கப் போனவர்களும் சாவின் விளிம்புவரை போய் வந்தார்கள் என்பதைக் காட்டியது அந்தப் பதிவுதான்.

இரண்டாவது பலம், சாட்சியம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் வந்த வெள்ளம் ஒரு பள்ளி மாணவனின் உயிரைக் குடித்தது. அன்று எடுத்த காட்சிகளில், குளித்துக்கொண்டிருந்த கூட்டம் நொடிகளில் சிதறி ஓடுவது தெரிகிறது. 'அருவியில் கவனமாக இருங்கள்' என்று நூறு முறை சொன்னாலும் ஏறாதது, அதைப் பார்த்தவருக்கு ஒரே முறையில் ஏறும்.

'எடுப்பதா, காப்பாற்றுவதா' என்ற கேள்விக்கு ஒரு பழைய பதிலும் இருக்கிறது. 1953-இல் கலிபோர்னியாவின் பிட் ஆற்றுப் பாலத்தில் ஒரு லாரி தடுப்பை உடைத்துக்கொண்டு அந்தரத்தில் தொங்கியது. அந்த வழியாக வந்த வால்டர் ஷா மற்றவர்களோடு சேர்ந்து கயிறு இறக்கினார். அவருடைய மனைவி வர்ஜீனியா ஷா சாதாரண பிரவுனி கேமராவில் அதைப் படம் எடுத்தார். உள்ளே இருந்த இருவரும் பிழைத்தார்கள். தொழில்முறைக் கலைஞர் அல்லாத அவருக்கு 1954-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. கயிறு பிடிக்க ஆள் இருந்ததால்தான் கேமரா பிடித்தது குற்றமாகவில்லை. அளவுகோல் இதுதான்: அந்த இடத்தில் உங்கள் கை தேவைப்படுகிறதா? தேவைப்பட்டால் கைபேசி சட்டைப் பைக்குப் போக வேண்டும்.

இனி குறைகள். முதலாவது, நிற்கும் இடம். ஆற்று மீட்பில் மேல்நீரில் ஒருவர் அடித்து வரும் மரக்கட்டைகளைக் கவனிப்பார். கீழ்நீரில் ஒருவர், கை நழுவியவரைப் பிடிக்கக் கயிற்றோடு காத்திருப்பார். நல்ல கோணம் தேடுகிறவர் போய் நிற்பதோ பெரும்பாலும் அந்தக் கீழ்நீர்க் கரையில்தான், முகம் தெரியும் என்பதற்காக. அய்யனார் கோவிலில் மலை மேற்கே இருப்பதால் சூரியன் சீக்கிரமே மறைந்துவிடும். வெளிச்சம் குறைந்ததும் ஃபிளாஷ் போடுகிறார்கள். படம் தேறாது, கயிற்றைப் பிடித்துத் தண்ணீரில் வருகிறவரின் கண்தான் கூசும்.

இரண்டாவது, மானம். ஈரப் புடவையோடு, அழுதுகொண்டு, யாரோ ஒருவரின் தோளைக் கட்டிப்பிடித்து வருகிற பெண் நம்மிடம் அனுமதி கொடுக்கவில்லை. அன்றிரவு அவர் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவிலேயே அவர் முகம் சுற்றும். தூரத்திலிருந்து, முதுகுப்புறமாக எடுத்தாலும் செய்தி குறையாது. கயிறும் வெள்ளமும் வீரர்களும் அதில் இருப்பார்கள்.

மூன்றாவது குறை பெரியது. மீட்புப் படம் கடைசிக் கட்டத்தை மட்டும் காட்டுகிறது. மேலே மழை என்று தெரிந்தும் ஆற்றைக் கடக்க விட்டது யார், எச்சரிக்கை எப்போது வந்தது, வந்ததா என்பதெல்லாம் சட்டகத்துக்கு வெளியே. 2024 ஜூன் 30 அன்று லோனாவாலாவில் பூஷி அணைக்கு அருகே ஒரு குடும்பம் நடு வெள்ளத்தில் ஒருவரையொருவர் பிடித்தபடி நின்றதை நாடே பார்த்தது. ஐந்து பேர் போய்விட்டார்கள். அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்தவர்களில் எத்தனை பேர் அந்த இடத்துக்கு ஏன் தடுப்பில்லை என்று கேட்டார்கள்? மீட்பு வெற்றியானால் இந்த ஆபத்து இன்னும் கூடுகிறது. கைதட்டலோடு கணக்கு முடிந்துவிடுகிறது. அடுத்த மழைக்கும் அதே ஆறு, அதே கயிறு, அதே படம்.

நான்காவது, படம் கைமாறும் விதம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைவதோடு, எடுத்த நாள், நேரம், இடம் பற்றிய தகவலும் கழன்றுவிடும். அப்புறம் போன வருட வெள்ளம் இந்த வருட வெள்ளமாகத் திரும்பி வந்து பீதி கிளப்பும். மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருப்பவர்தான் அதை மறுக்க முடியும். அவருக்கு உரிமையும் உண்டு: 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி படத்தின் முதல் உரிமையாளர், பொதுவாக, எடுத்தவரே. பெயர்கூடப் போடாமல் தொலைக்காட்சிகள் எடுத்துக்கொள்வதை அவர் கேள்வி கேட்கலாம்.

கூட்டிக் கழித்துப் பார்த்தால், இந்தப் பழக்கம் தேவையானது என்றே சொல்வேன். ஆனால் அதன் மதிப்பு வீரக் காட்சியில் இல்லை, சாட்சியத்தில் இருக்கிறது. எனவே ஆற்றங்கரையில் கேமராவைத் தூக்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலில் 112-க்கோ 101-க்கோ அழையுங்கள். மேட்டில், மீட்பவர்களின் வழிக்கு வெளியே நில்லுங்கள். முகத்தை விட்டுவிட்டு ஆற்றின் அகலமும் நீர்மட்டமும் தெரிய எடுங்கள், நேரத்தைக் குறித்துவையுங்கள். தண்ணீர் வடிந்த பிறகு இன்னொரு முறை போய், மக்கள் ஆற்றில் இறங்கும் இடத்தையும், அங்கே எச்சரிக்கைப் பலகையோ தடுப்போ இருக்கிறதா இல்லையா என்பதையும் படம் எடுங்கள். அந்தப் படத்துக்கு லைக் விழாது. மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கும் மனுவோடு இணைக்க அதுதான் உதவும்.