பூங்கா என்றொரு தோட்டம்: பேராதனையை வாசித்தல்

தமிழில் 'தோட்டம்' என்ற சொல்லுக்கு ஒரு கள்ளமின்மை உண்டு. கொல்லையில் நாலு கத்தரிச்செடி நிற்கிற இடமும் தோட்டம்தான், மலைச்சரிவில் ஆயிரம் ஏக்கர் தேயிலை நிற்கிற இடமும் தோட்டம்தான். ஆங்கிலம் அப்படியில்லை. கார்டன் என்றால் உலாவுகிற இடம், எஸ்டேட் என்றால் உழைக்கிற இடம் என்று அது பிரித்து வைத்திருக்கிறது. (தேயிலை விஷயத்தில் மட்டும் 'டீ கார்டன்' என்று சமயத்தில் உளறிவிடும்.) பிற்பாடு நாமும் அந்தப் பிரிவினையைக் கற்றுக்கொண்டோம். உலாவுகிற இடத்துக்குப் 'பூங்கா' என்ற பழைய சொல்லைத் தேடியெடுத்துச் சூட்டினோம். உழைக்கிற இடம் தோட்டமாகவே கிடக்கிறது. இலங்கையில் கண்டிக்கு அருகே, மகாவலி ஆறு மூன்று பக்கமும் வளைத்து ஓடுகிற 147 ஏக்கர் நிலத்துக்குப் பேராதனை தாவரவியற் பூங்கா என்று பெயர். அதை மறுபடியும் தோட்டம் என்று வாசித்துப் பார்க்கலாம் என்பதுதான் இங்கே உத்தேசம்.

பேராதனைக்குப் போய்வந்த தமிழர்கள் எழுதுகிற பயணக் கட்டுரைகளுக்கு ஒரு வாய்பாடு இருக்கிறது. வாசல், சீட்டு, அரசப்பனை வரிசை, ஆர்க்கிட் வீடு, கடைசியில் 'இயற்கை அன்னையின் மடி'. இவற்றில் பொய்யில்லை. பனைகள் நிஜமாகவே கோடு கிழித்த மாதிரி நிற்கின்றன. பெரிய புல்வெளியில் ஜாவா அத்தி விரித்திருக்கிற நிழலில் ஒரு பள்ளிக்கூடமே உட்காரலாம். ஆற்றோரத்தில் ராட்சத மூங்கில், பகலெல்லாம் தலைகீழாகத் தொங்கிக் கீச்சிடுகிற பழந்தின்னி வௌவால்கள், சேஷெல்ஸ் தீவின் இரட்டைத் தேங்காய் மரம், குடைக்குள் முகம் மறைத்துக்கொண்ட காதல் ஜோடிகள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அரசப்பனை கரீபியத்திலிருந்து வந்தது, மூங்கில் பர்மாப் பக்கத்திலிருந்து வந்தது, ஆர்க்கிட்டுகளுக்கு ஊர் ஊராகப் பட்டியல் போடவேண்டும். இயற்கை, இயற்கை என்று நாம் கைதட்டுகிறோமே, அதில் தானாக முளைத்து நின்றது ரொம்பக் குறைவு. மீதியெல்லாம் யாரோ கேட்டு, யாரோ கட்டி அனுப்பி, கப்பலில் வந்து இறங்கியவை. எதற்காக இறங்கின என்று பயணக் கட்டுரை கேட்பதில்லை.

1815இல் கண்டி விழுந்தது. கண்டியின் கடைசி ராஜாக்கள் மதுரை வழி வந்த நாயக்கர்கள். அவர்களில் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் பேராதனை அரச தோட்டமாக இருந்தது. ராஜ்ஜியம் போய் ஆறு வருஷத்தில், 1821இல், அலெக்சாண்டர் மூன் அங்கே தாவரவியல் தோட்டம் போட்டார். ஆரம்பத்தில் அவர் நட்டவற்றில் முக்கியமானவை லவங்கப்பட்டையும் காப்பியும். பூச்செடிக்கு அப்போது அவசரமில்லை. 1840இல் ஒரு சட்டம் வந்தது: உரிமை நிரூபிக்க முடியாத காடும் தரிசும் முடியரசின் சொத்து. மலை மலையாகத் துரைமார் கைக்கு நிலம் போனது. நிலம் கிடைத்துவிட்டது, அதில் எதை நடுவது? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிற ஆபீஸ்தான் பேராதனை. 1839லேயே கல்கத்தா தாவரவியல் தோட்டத்திலிருந்து அசாம் தேயிலை விதை வந்திருந்தது. மலேரியாவுக்கான கொய்னா எடுக்கிற சிங்கோனாவுக்குக் குளிர் வேண்டும், அதனால் 1861இல் நுவரெலியாவுக்குப் பக்கத்தில் ஹக்கலவில் இரண்டாவது தோட்டம். அப்புறம் ரப்பர். ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன சுமார் 70,000 விதைகளில், லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அவற்றில் ஏறக்குறைய 1,900 நாற்றுகள் 1876இல் இலங்கைக்குக் கப்பலேறின. ரப்பருக்குப் புழுக்கம் வேண்டும், எனவே கம்பஹாவில் ஹெனரத்கொட தோட்டம்.

உல்லாசப் பயணி இந்த மூன்றையும் சாவகாசமாகச் சுற்றி வரலாம். கீழிருந்து மேலாக, ஹெனரத்கொட, பேராதனை, ஹக்கல என்று போனால், உயரத்துக்கு ஒரு பயிர் என்று தீவைக் கூறுபோட்ட வரைபடத்தின் மேல்தான் அவர் ஏறிக்கொண்டிருப்பார். அது ஏலக்கடை மேஜை மாதிரியான வரைபடம். எந்த மண்ணில் எது லாபம் என்பது மட்டும் அதில் இருக்கும், யார் வந்து நடுவார்கள் என்பது இருக்காது.

இந்த இடத்தில் நம்ம கோட்பாட்டு நண்பர்கள் குஷியாகிவிடுவார்கள் என்று தெரியும். ஃபூக்கோ 1967இல் ஆற்றிய ஓர் உரையில், ஒன்றோடொன்று ஒட்டாத இடங்களை ஒரே இடத்தில் அடுக்கிவைக்கும் வெளிகளுக்குத் தோட்டத்தைப் பழைய உதாரணமாகச் சொன்னார். லூசில் பிராக்வே 1979இல் வெளியிட்ட நூலில், கியூ தோட்டத்தை மையமாக வைத்து சிங்கோனா, ரப்பர், சைசல் மூன்றும் சாம்ராஜ்ஜியத்துக்கு எப்படிப் பயன்பட்டன என்று காட்டினார். இரண்டும் நமக்கு வேண்டியவைதான். ஆனால் 'அறிவு என்பது அதிகாரம்' என்று சமன்பாடு எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவது சோம்பேறித்தனம். பேராதனையின் மிகப்பெரிய சம்பவத்தில் அறிவு ஒரு பக்கமும் அதிகாரம் இன்னொரு பக்கமும் போயின.

1869இல் இலங்கைக் காப்பி இலைகளின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடி தெரிந்தது. அப்போது பேராதனைக்குப் பொறுப்பாக இருந்த துவைட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பெர்க்லி என்ற பூஞ்சை ஆய்வாளர் ஹெமிலேயா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். பெயர் வைக்க முடிந்ததே தவிர நிறுத்த முடியவில்லை. 1880இல் வந்து இரண்டு வருஷம் தங்கிய மார்ஷல் வார்ட், பூஞ்சை காற்றில் பரவி இலைக்குள் நுழைகிற விதத்தைத் துலக்கினார். காட்டை வழித்துவிட்டு மலைக்கு மலை ஒரே செடியை நெருக்கி நட்டதுதான் நோய்க்குச் சோறு போட்டது என்பதும் அதில் தெரிந்தது. அறிவு சரியாகத்தான் சொன்னது. துரைமார் என்ன செய்தார்கள்? கொஞ்ச காலம் சிங்கோனாவை நட்டார்கள்; எல்லோரும் நட்டதால் 1880களில் விலை படுத்துவிட்டது. பிறகு காப்பியைப் பிடுங்கிய அதே சரிவில், அதே நெருக்கத்தில் தேயிலையை நட்டார்கள். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தொடங்கியிருந்த தேயிலை மலை முழுக்கப் படர்ந்தது. தாவரவியலாளன் சொன்னதில் விற்கக்கூடியது எதுவோ அதை எடுத்துக்கொண்டு, விற்க முடியாததை விட்டுவிட்டார்கள். அறிவியலை ஒட்டுமொத்தமாக ஏகாதிபத்திய ஏஜெண்ட் என்று திட்டினால் வார்டின் எச்சரிக்கையும் நம் கையைவிட்டுப் போய்விடும். ஒற்றைப்பயிருக்கு எதிராக இன்று பேசுகிறவர்களுக்கு அது வேண்டியிருக்கிறது.

சரி, மறுபடி பூங்காவுக்குள் வருவோம். அங்கே வாசிக்க வேண்டிய பிரதி பலகைகள்தான். ஒவ்வொரு மரத்துக்கும் லத்தீனில் ஈரடுக்குப் பெயர், குடும்பம், பூர்வீகம். இது சாதாரண மரங்களுக்கு. பிரமுகர் மரங்கள் வேறு. 1875இல் வேல்ஸ் இளவரசர் நட்ட அரசமரம், 1891இல் ரஷ்யாவின் பட்டத்து இளவரசர் நிக்கோலாஸ் நட்ட நாகமரம், 1901இல் பிற்பாடு ஐந்தாம் ஜார்ஜ் ஆனவர் மனைவியோடு நட்ட நாகலிங்க மரம், 1961இல் யூரி ககாரின் நட்டது. முதலாளித்துவமோ சோஷலிசமோ, மண்வெட்டியால் ஒரு தள்ளு தள்ளியவருக்குப் பலகை உண்டு. குழி வெட்டினவருக்கும் தண்ணீர் ஊற்றினவருக்கும் கிடையாது. கீழே இருந்தவர்களில் அபூர்வமாக ஒரு பெயர் பிழைத்திருக்கிறது: ஹர்மானிஸ் டி அல்விஸ் செனவிரத்ன. 1823 முதல் 1861 வரை 38 வருஷம் பேராதனையில் செடிகளைப் படம் வரைந்தவர். அவருடைய பிள்ளைகளும் அதே வேலைக்கு வந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைச் செடிகளைப் பற்றித் துரைமார் எழுதியவற்றின் அடியில் அந்தச் சிங்களக் குடும்பத்தின் கண்ணும் கையும் இருக்கின்றன.

நாகலிங்கம் நடப்பட்ட அதே 1901 வாக்கில்தான் தோட்டங்களுக்கு ஆள் கொண்டுபோவதில் 'டின் டிக்கட்' முறை புழக்கத்துக்கு வந்தது. தமிழ்நாட்டிலிருந்து கங்காணி கூட்டிப்போகிற ஒவ்வொருவரிடமும் ஒரு தகர வில்லை. எந்தத் தோட்டத்துச் சரக்கு என்பது அதில் பொறித்திருக்கும். மரத்துக்குத் தகரத்தில் பெயர், ஆளுக்குத் தகரத்தில் எண். மலையகத் தமிழில் இன்னொரு விசித்திரம் உண்டு. அங்கே வருகைக் கணக்குக்கே 'பேர்' என்றுதான் சொல்கிறார்கள். காலையில் பெரட்டில் பேர் போடுவார்கள். சொன்ன எடைக்குக் கொழுந்து இல்லையென்றால் அரைப்பேர், அதாவது பாதி நாள் கூலி. ஒரு மனுஷியின் பேரைப் பாதியாக வெட்டலாம் என்று எந்தத் தாவரவியலாளனுக்கும் தோன்றவில்லை. கணக்கப்பிள்ளைக்குத் தோன்றியது.

மூன் 1824இல் வெளியிட்ட தாவரப் பட்டியலின் தலைப்பிலேயே சுதேசச் செடி, அயல் செடி என்ற இரட்டை இருக்கிறது. தாவரவியலில் இது நிரந்தரமான கோடு இல்லை. அயல் செடி ஊரோடு ஒட்டிவிட்டால் இயல்பாகிவிட்டது என்று எழுதிக்கொள்வார்கள். அசாமிலிருந்து வந்த தேயிலை 'சிலோன் டீ' ஆனது, உலகம் பூராவும் இலங்கை என்றாலே அதுதான். அதைக் கிள்ளியவர்களின் கதை வேறு. மன்னாரில் இறங்கி, தம்புள்ளைக் காடு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் சரித்திரக்காரர்களுக்குள் இன்னும் வழக்குத் தீரவில்லை. நடந்து சேர்ந்தவர்களுக்கு, மலைகளில் நூறு வருஷத்துக்கும் மேல் வேர்விட்ட பிறகு, 1948இல் குடியுரிமை இல்லை என்றார்கள். 1949இல் வாக்கும் போனது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 9,75,000 பேரைப் பங்கு போட்டார்கள்: 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நாற்றுக் கணக்கு மாதிரியே இருக்கிறது, இல்லையா? பாக்கி நின்றவர்களுக்கு முழுக்க வழிசெய்யும் சட்டம் வர 2003 ஆயிற்று. பேராதனை வாசலில் உள்நாட்டாருக்கு ஒரு சீட்டு விலை, வெளிநாட்டாருக்குப் பல மடங்கு விலை. இந்த வழக்கம் அந்த ஐம்பத்தைந்து வருஷமும் இருந்திருந்தால், ஹட்டனிலிருந்து வரும் ஒரு கொழுந்துக்காரிக்கு எந்தச் சீட்டைக் கிழித்திருப்பார்கள்?

இதையெல்லாம் வெள்ளைக்காரன் தலையிலும் சிங்களப் பேரினவாதத்தின் தலையிலும் வைத்துவிட்டு நாம் கைகழுவ முடியாது. செடிக்கு அயல் என்று எழுதுகிற இடத்தில் மனிதருக்கு நம்மிடம் 'வந்தேறி' என்ற சொல் தயாராக இருக்கிறது. மலையகத்தாரை 'தோட்டக்காட்டான்' என்று அழைத்தவர்கள் தமிழர்கள்தான், அதுவும் படித்த தமிழர்கள். முதலில் நான் கள்ளமற்றது என்று சொன்ன அந்தத் தோட்டம் என்கிற சொல்லையே வசையாக்கிக் காட்டியது நம்முடைய சாதனை. புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் அந்தத் தோட்டத்துக்குள் போய்ப் பார்த்தார். சி.வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய தன் நெடுங்கவிதைக்கே இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் என்றுதான் தலைப்பு வைத்தார். சக்தீ பாலையா அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். இவ்வளவு இருந்தும், நம் பயணக் கட்டுரைக்காரர் கண்டியில் இறங்கியதும் இவை எதுவும் அவருக்கு ஞாபகம் வருவதில்லை. பூங்காவுக்கு ஒரு பக்கம், தேயிலைத் தொழிற்சாலையில் குடித்த டீக்கு ஒரு பத்தி. அந்த டீக்குப் பின்னால் இருப்பவர்கள் ஆயிரம் ரூபாய் நாட்கூலிக்காக வருஷக்கணக்காகக் கத்தி, 2021இல்தான் அது நிர்ணயமானது என்பது அந்தப் பத்தியில் இடம்பிடிக்காது.

பேராதனைக்குப் போகாதீர்கள் என்று சொல்லவரவில்லை. போங்கள். ஜாவா அத்தியின் நிழலில் உட்காருங்கள், வௌவால்களைப் பாருங்கள். ஆனால் அங்கே புல் வெட்டுகிறவரோடு, இலை கூட்டுகிறவரோடு, பேசி எழுதப்பட்ட ஒரு கட்டுரைகூடத் தமிழில் என் கண்ணில் படவில்லை. சிங்களம் தெரிந்த நம் எழுத்தாளர்கள் யாராவது அதைச் செய்யலாம்.

அதற்குக் கடல் தாண்டவும் வேண்டியதில்லை. நம் நீலகிரியிலும் இதே ஜோடி இருக்கிறது. 1848இல் போட்ட ஊட்டி தாவரவியல் பூங்கா ஒரு பக்கம். அந்த ஒப்பந்தத்தின் பங்காகத் திரும்பி வந்தவர்களை வைத்து அரசு நடத்துகிற டான்டீ தேயிலைத் தோட்டங்கள் இன்னொரு பக்கம். இலங்கையில் இந்தியாக்காரர்களாக இருந்த அவர்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் சிலோன்காரர்கள் ஆனார்கள். மே மாதம் ஊட்டி மலர்க்காட்சிக்கு நம் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக வண்ணப்படம் போடுகின்றன. டான்டீ லயங்கள் அந்தப் பக்கங்களில் வருவதில்லை.