பழைய வண்டியின் ரேடியோவும் நம் நாகர்கோவில் வழியும்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, என்னைவிட வயதிலும் கைவேலையிலும் மூத்தவர்கள் சங்கத்தில் இருக்கையில் நான் எழுதுவது முறையா என்று தயங்கினேன். 'ஆசானிடம் வேலை படித்தவர் நீங்கள், நீங்கள்தான் எழுத வேண்டும்' என்று தலைவர் சொல்லிவிட்டார்கள். அதற்குமேல் மறுப்பதற்கில்லை.

வட்டக்கோட்டைக் கூடலில் நம் சங்கத்துப் பழைய வண்டிகள் வந்து நின்றதும், பானெட்டைத் திறக்கும் முன்பே ஒரு வழக்கு தொடங்கிவிடும். பழைய ரேடியோவை அப்படியே வைத்திருப்பதா, கழற்றிவிட்டுப் புது செட் போடுவதா? 1930இல் மோட்டோரோலா, 1932இல் பிளாபுங்க்ட் என்று தொடங்கும் வரலாறு உறுப்பினர்களுக்கு மனப்பாடம் என்பதால், பழைய செட்டைக் கையாள்வதில் ஊருக்கு ஊர் வேறுபடும் வழிகளுக்கு நேரே வருகிறேன்.

சென்னைக்காரர்கள் ரிச்சி தெருவையும் புதுப்பேட்டையையும் நம்பியவர்கள். செட் செத்துவிட்டால் அதே காலத்து இன்னொன்றைத் தேடிப் பிடித்துப் பொருத்துவார்கள். தேடுவதில் அவர்களுக்கு ஈடில்லை. பழுது பார்க்கப் பொறுமை போதாது என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. கோயம்புத்தூர் வழி பட்டறை வழி. ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று 1941இலேயே சொன்ன ஜி.டி. நாயுடுவின் ஊரல்லவா? உடைந்த நாபைப் புதிதாகக் கடைந்தே விடுவார்கள். திருவனந்தபுரத்து வழிதான் நமக்குத் தாய்வழி. 1943இல் திருவிதாங்கூர் அரசு அங்கே வானொலி நிலையம் அமைத்தபோது நாஞ்சில் நாடும் அந்த அரசில்தான் இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி எல்லை மாறியது, கைவேலை மாறவில்லை.

அந்தக் கைவேலையை நாகர்கோவிலில் வளர்த்தவர் என் ஆசான். பெயரை அச்சில் போடுவதை அவர் விரும்பியதில்லை, உறுப்பினர்களுக்குச் சொல்லவும் வேண்டியதில்லை. வால்வு செட்டுக்கு 200 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். பேட்டரி கொடுப்பதோ 12. நடுவில் நின்று மின்சாரத்தை விட்டுவிட்டுத் துடிக்கச் செய்யும் வைப்ரேட்டர் முனை கருகினால் செட் ஊமையாகிவிடும். பலர் அப்போதே செட்டைக் கழற்றி எடைக்குப் போட்டார்கள். ஆசான் வைப்ரேட்டர் தகர டப்பாவின் மடிப்பை விரித்து, முனையைத் தேய்த்துச் சுத்தம் செய்து, மறுபடி மடித்து மூடுவார். முனை அடியோடு தேய்ந்திருந்தால் அதே டப்பாவுக்குள் டிரான்சிஸ்டர்களை வைத்து, அதே சாக்கெட்டில் சொருகும்படி செய்வார். மெழுகுக் காகிதக் கன்டென்சர்களையும் வெட்டி எறியமாட்டார். சூடு காட்டி உள்ளிருப்பதை உருவிவிட்டு, புதியதை அதே கூட்டுக்குள் இறக்கி, மெழுகால் வாயை அடைப்பார். மூடியைத் திறந்து பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றும் மாறியிருக்காது.

கடைசி வேலை வட்டக்கோட்டையில். ஊருக்குள் டியூப்லைட்டும் மோட்டாரும் எழுப்பும் இரைச்சலில் மீடியம் வேவ் செட்டைச் சீர்செய்ய முடியாது. அதனால் வெயில் தாழ்ந்ததும் வண்டியைக் கோட்டைக்கு வெளியே கடலைப் பார்க்க நிறுத்துவார். ஏரியலை முழுதாக இழுத்துவிட்டு, முள்ளை 1400 பக்கம், மெலிதாகக் கேட்கும் ஏதாவதொரு நிலையத்தில் வைப்பார். ஏரியல் சொருகும் குழிக்குப் பக்கத்தில் சிறு துளை. உள்ளே டிரிம்மர் திருகு. அதை இம்மி இம்மியாகத் திருப்பினால் ஒலி ஏறும், உச்சம் தொடும், இறங்கத் தொடங்கும். இறங்கத் தொடங்கிய இடத்திலிருந்து ஒரு மயிரிழை பின்னுக்கு வர வேண்டும். 'மக்கா, சத்தத்தைக் கூட்டாத. மெதுவா வச்சாத்தான் உச்சம் பிடிபடும்' என்பார். பிறகு இன்ஜினை ஓடவிடுவார். பாட்டுக்குள் படபடவென்று இக்னிஷன் இரைச்சல் புகுந்தால் காயிலிலும் டைனமோவிலும் கன்டென்சரை மாற்றிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். இருட்டியதும் கொழும்பு நிலையம் பக்கத்து வீடுபோலக் கேட்கும். அதன்பிறகே வண்டி சொந்தக்காரர் கைக்குப் போகும்.

எது 'ஒரிஜினல்' என்பதில் நம் வழிக்குத் தனித் தீர்ப்பு உண்டு. அந்தக் காலத்து அம்பாசிடர்களும் ஃபியட்களும் பெரும்பாலும் ரேடியோ இல்லாமலே கம்பெனியிலிருந்து வந்தன. டீலரோ ஊர்க் கடைக்காரரோதான் பொருத்தினார். ஆகவே கம்பெனி முத்திரையைத் தேடி மயங்க வேண்டாம். வண்டியின் காலத்துக்கு ஒத்த செட், வெட்டாத டேஷ்போர்டு, கூடவே தபாலாபீசில் பணம் கட்டிய பழைய ரேடியோ லைசென்ஸ் புத்தகம் இருந்தால் அதைவிட நல்ல சான்று வேறில்லை.

மாற்ற வேண்டும் என்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. 1984இல் தொடங்கிய நம் நாகர்கோவில் வானொலி, நாட்டின் முதல் உள்ளூர் நிலையம், 101 மெகாஹெர்ட்ஸ் பண்பலையில் வருகிறது. மீடியம் வேவ் மட்டும் பிடிக்கும் செட்டில் சொந்த ஊர் நிலையமே வராது. இதற்கு ஆசான் வழி எளிது. பண்பலையோ போனோ, தனிப் பெட்டியை சீட்டுக்கு அடியில் ஒளித்து, அதன் ஒலியைச் சிறு மீடியம் வேவ் மாடுலேட்டர் வழியாக ஏரியல் குழிக்குள் கொடுத்துவிட வேண்டும். பழைய செட், பழைய ஸ்பீக்கர், பழைய நாப் வழியாகவே புதுப் பாட்டு வரும். நாளை வேண்டாமென்றால் ஒரு வயரைப் பிடுங்கினால் போதும். பாசிட்டிவ் எர்த் வண்டிக்காரர்கள் மட்டும் புதுப் பெட்டியின் தகரம் வண்டி உடம்பில் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தொட்டால் ஷார்ட் ஆகிவிடும்.

இனி வருத்தம். யாரையும் சுட்டிச் சொல்லவில்லை. கெட்டிக்காரத் தம்பிகள் இன்றும் இருக்கிறார்கள். ஆனாலும் 180க்கு 50 மில்லிமீட்டர் செட்டை நுழைப்பதற்காக ஐம்பது வருட டேஷ்போர்டை ஹேக்ஸா பிளேடால் அறுக்கிறார்களே, அந்தத் தகரத்தை எந்தக் கடையில் வாங்குவார்கள்? அதைவிடக் கொடுமை, நல்ல செட்டின் உள்ளே இருப்பதை வழித்தெடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, வெறும் முகப்புக்குப் பின்னால் புளூடூத் பலகை ஒட்டுவது. டயல் விளக்கு எரிகிறது, முள் மட்டும் அசைவதில்லை. கேட்டால், யார் பார்க்கப் போகிறார்கள் என்கிறார்கள். ஈயப் பற்று வைக்கத் தெரியவில்லை, வயரை முறுக்கி டேப் சுற்றுகிறார்கள். உப்புக் காற்றில் அந்த முறுக்கு எத்தனை நாள் நிற்கும்? டிரிம்மர் எங்கே என்று கேட்டால் முழிக்கிறார்கள். இன்று செட்டின் குடலை எடுப்பவர் நாளை கார்புரேட்டரை எடுப்பார், மறுநாள் இன்ஜினையே எடுப்பார். அப்புறம் நம்மிடம் மிஞ்சுவது பெயின்ட் அடித்த தகரம்தான். காதில் பிடித்து உச்சம் காணும் பயிற்சி ஒரு தலைமுறையோடு அறுந்துபோகிறது. அது போனால் இன்ஜினின் வால்வு சத்தமும், பேரிங் சத்தமும் யார் காதுக்குப் பிடிபடும்? நம் தொழிலே காதை நம்பிய தொழில் அல்லவா? போட்டிகளில்கூடக் குரோமின் பளபளப்புக்கு மதிப்பெண் போடுகிறார்கள். ரேடியோவைப் போட்டுக் காட்டச் சொல்லும் நடுவரை நான் பார்த்து வெகுகாலம் ஆகிறது.

சட்டமும் துணைக்கு வராது. ஐம்பது வயது வண்டிகளுக்கு 'விஏ' எண் வரிசை கொடுத்த 2021ஆம் ஆண்டு விதி, சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது என்கிறது. ரேடியோவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. செய்யும் மாற்றம் திரும்பப் பழையபடி ஆக்கத்தக்கதாக இருக்கட்டும் என்று பழைய வண்டிகளுக்கான உலக அமைப்பான ஃபீவாவின் டூரின் சாசனம் கேட்டுக்கொள்கிறது. மீனாட்சிபுரத்துக் கடைவாசலில் உட்கார்ந்து ஆசான் அதை எப்போதோ சொல்லிவிட்டார்.

நிர்வாகக் குழுவுக்கு என் விண்ணப்பம்: அடுத்த வட்டக்கோட்டைக் கூடலிலிருந்து இன்ஜின் ஓடும்போதே ரேடியோவைப் போட்டுக் காட்டுவதைப் போட்டி விதியாக்குங்கள். உறுப்பினர்களே, வீட்டுப் பரணில் பழைய செட், நாப், டயல் கண்ணாடி, செத்த வைப்ரேட்டர் எது கிடந்தாலும் காயலான் கடைக்குப் போடாதீர்கள். சங்கத்திடம் கொடுங்கள், வேலை படிக்க விரும்பும் பையன்களையும் அனுப்புங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்லித் தருகிறேன்.